மெத்தை அப்புறம், தொட்டி முதல்ல

கேம்பர் வேன் வாங்கப் போறேன், பழைய டெம்போ டிராவலரைப் பிடிச்சு உள்ளே வீடு கட்டப் போறேன் என்று கிளம்பியிருக்கும் நகரத்து நண்பர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்த வண்டியோட கக்கூஸ் தொட்டியை எங்கே காலி பண்ணுவீங்க?

முகத்தைச் சுளிக்காதீங்க. சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க முடிச்சுட்டு வாங்க, நான் காத்திருக்கேன். ஆனா பதில் சொல்லாம நழுவக் கூடாது. நீங்க சொல்லாத பதிலைத்தான் எங்க ஊர் வாய்க்கால் சுமந்துக்கிட்டு இருக்கு.

எனக்கு ஊர் மன்னார்குடி பக்கம். நெல்லும் உளுந்தும் போடுறவன். மகளைக் கட்டிக் கொடுத்திருப்பது அஸ்தினாபுரத்தில். மாசத்துக்கு ஒரு தடவை அரிசி, தேங்காய், உளுந்து எல்லாத்தையும் கட்டிக்கிட்டு மன்னை எக்ஸ்பிரஸில் ஏறினா விடியக்காலம் தாம்பரம். நாலைந்து நாள் பேரப் பிள்ளைகளோடு இருந்துட்டு ஊர் திரும்புவேன். அதனால இந்த விசயத்தில் ரெண்டு பக்கத்தையும் பார்க்கிற வாய்ப்பு எனக்குக் கிடைச்சிருக்கு. வண்டி எங்கே தயாராகுதுன்னும் பார்க்கிறேன், அது எங்கே வந்து நிக்குதுன்னும் பார்க்கிறேன்.

தயாராகும் இடம்

மகள் வீட்டுக்கு எதிர் வரிசையில் ஒரு தம்பி. கம்ப்யூட்டர் வேலை. பள்ளிக்கூடத்துக்கு ஓடின பழைய வேன் ஒண்ணை வாங்கிப் போட்டு, சனி ஞாயிறு ஆனா பிளைவுட் அறுத்துக்கிட்டு இருப்பார். ஒருநாள் கூப்பிட்டு உள்ளே காட்டினார். உண்மையைச் சொல்லணும்னா அசந்துட்டேன். பகல்ல சோபா, ராத்திரி இழுத்தா கட்டில். சுவத்துல மடிக்கிற மேசை. ஒரு சிங்க், அதுக்குக் கீழே தண்ணி கேன். கூரையில சோலார் பேனல், சீட்டுக்கடியில் பேட்டரி. ஜன்னலுக்குப் பூப்போட்ட திரைச்சீலை. நம்ம ஊர் ஆசாரி பார்த்தாலும் குறை சொல்ல முடியாத வேலை.

கடைசியில் ஒரு மூலையைக் காட்டினார். சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி. அதுதான் கேசட் டாய்லெட்டாம். 20 லிட்டர் பிடிக்கும். நிரம்பினா கழட்டி எடுத்துக்கிட்டுப் போய்க் கொட்டிட்டு வரணும். நாத்தம் வராம இருக்க நீல நிறத்தில் ஒரு மருந்து ஊத்தி வைக்கணும்.

"எங்கே தம்பி கொட்டுவீங்க?"

"வழியில எங்கயாச்சும் பார்த்துக்கலாம் அங்கிள்."

நல்ல பிள்ளை. யாருக்கும் கெடுதல் நினைக்கிற ஆள் இல்லை. மரத்துக்கு எந்த வார்னிஷ், பேட்டரிக்கு எந்தக் கம்பெனி என்று மாசக்கணக்கா யோசிச்சவர். ஆனா இந்தக் கேள்விக்கு மட்டும் "எங்கயாச்சும்". அந்த எங்கயாச்சும்கிற இடத்துல நாங்க குடியிருக்கோம் நண்பர்களே.

வந்து நிக்கிற இடம்

போன சம்பா நடவு சமயம். கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போற ஒரு குடும்பம் இப்படி ஒரு வண்டியோட எங்க வாய்க்கால் கரைப் புளியமரத்தடியில் ராத்தங்கிச்சு. சாயங்காலம் வந்தாங்க. நல்லாப் பேசினாங்க. எங்க ஊர்ப் பிள்ளைகளை வண்டிக்குள்ள ஏத்திக் காட்டினாங்க. காலையில நான் வயலுக்குப் போறப்ப வண்டி இல்லை. வாய்க்கால் ஓரம் புல்லு மேல நீலத் தண்ணி. அதோட சேர்ந்து வந்தது என்னன்னு விவரிக்க வேண்டாம்.

அன்னிக்கு எனக்கு நடவு. ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்க. நடவு ஆளுங்கன்னா எல்லாரும் பெண்கள்தான். காலையில இருந்து மதியம் வரைக்கும் முழங்கால் சேத்துல நின்னுட்டு, சோத்துத் தூக்கைத் திறக்கிறதுக்கு முன்னாடி அந்த வாய்க்கால்லதான் கை, கால், முகம் கழுவுவாங்க. வேற தண்ணி கிடையாது. நான் ஓடிப்போய் மடையை அடைச்சேன். மண்வெட்டியை எடுத்து நானே வெட்டி ஒதுக்குப்புறமாக் குழி தோண்டிப் புதைச்சேன். பக்கத்துக் கொல்லைக்காரர், "நீ ஏன்யா அள்றே, ஆளைக் கூப்பிடு" என்றார். எந்த ஆளை, எந்தத் தெருவிலிருந்து கூப்பிடச் சொல்றார்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மலம் அள்ளுறதுக்கு மனுசனை வைக்கக் கூடாதுன்னு 2013-ல் சட்டமே போட்டாச்சு. ஆனா "எங்கயாச்சும்" கொட்டுறவங்க ஒவ்வொரு தடவையும், அதை அள்ள ஒரு மனுசனை வேலைக்கு வச்சுட்டுத்தான் போறாங்க. கூலி கொடுக்காம, யாருன்னே தெரியாம.

எனக்குக் கோபம் இங்கேதான். சுதந்திரமா ஊர் சுத்துறோம், ஹோட்டலுக்குக் காசு கொடுக்கிறதில்லை, நினைச்ச இடத்துல நிப்போம்னு பெருமையாச் சொல்றீங்க. அந்தச் சுதந்திரத்துக்கு யாரோ பில் கட்டுறாங்க.

வண்டியோட வர்றவங்க எங்களுக்குப் புதுசா?

வீட்டை முதுகுல சுமந்துக்கிட்டு வர்றவங்களை டெல்டாக்காரனுக்கு நீங்க அறிமுகப்படுத்த வேண்டாம். சம்பா அறுப்பு முடிஞ்சா ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து ஆட்டுக் கிடைக்காரர்கள் வருவாங்க. அவங்க தலைவரை கீதாரின்னு சொல்வோம். நூத்துக்கணக்குல ஆடு, கூடவே குடும்பம், சட்டி பானை, குட்டிகளை அடைக்கிற கூடு, நாய். மாசக்கணக்கா வீட்டுக்குப் போகாம வயல் வயலா மாறிக்கிட்டே இருப்பாங்க. உங்க பாஷையில சொன்னா வேன் லைஃப், வேன் மட்டும் இல்லை.

கீதாரி வந்ததும் முதல்ல என்ன பண்ணுவார்? நிலத்துக்காரனைத் தேடி வருவார். எந்த வயல், எத்தனை ராத்திரி, எவ்வளவு என்று பேசி முடிவு பண்ணுவார். ராத்திரி முழுக்க ஆடு அந்த வயல்ல அடைஞ்சு கிடக்கும். புழுக்கையும் மூத்திரமும் மண்ணுல இறங்கும். மறுநாள் கிடை அடுத்த பக்கம் நகரும். இதுக்கு நாங்க அவருக்குக் காசு கொடுப்போம், சில ஊர்ல நெல்லும் கொடுப்போம். நல்லாக் கவனிங்க. தங்கிட்டுப் போறவருக்கு, தங்கினதுக்காக, நிலத்துக்காரன் பணம் கொடுக்கிறான். ஏன்னா அவர் விட்டுட்டுப் போறது எரு. ஆட்டு எரு அந்த வருசம், மாட்டு எரு மறு வருசம்னு எங்க பக்கம் சொல்வாங்க. கிடை போட்ட வயலில் பயிர் நிக்கிற பச்சையே தனி.

அறுப்புக்கு மிஷின் வருதே, அந்த ஆளுங்க சேலம், ஆத்தூர்ப் பக்கத்துப் பையன்கள். சீசன் முடியிற வரைக்கும் எங்க களத்துலதான் படுக்கை. வந்த அன்னிக்கே குளிக்க எங்கே, வெளிய போக எங்கேன்னு கேட்டுடுவாங்க. ஆழ்துளைக் கிணறு தோண்டுற ரிக் வண்டியைப் பாருங்க. திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி இந்தியா பூரா போற வண்டி அது. ஒரு லாரியில ரிக், இன்னொரு லாரியில குழாயும் சாமானும். அதுல போற தொழிலாளிகள் மாசக்கணக்கா லாரியிலயும் லாரிக்கடியிலயும்தான் வாழ்றாங்க. யாராவது அவங்களைப் பத்தி அழகா வீடியோ போட்டு நீங்க பார்த்திருக்கீங்களா? அவங்களும் போற இடத்துல ஒரு நிலத்துக்காரன் கூப்பிட்டுத்தான் போறாங்க. அவங்க இருப்புக்கு ஒருத்தன் பொறுப்பு.

கேம்பர் வேன்காரர் மட்டும்தான் யாரையும் கேக்காம வர்றார், யாருக்கும் சொல்லாமப் போறார். யாருடைய இடம்னு விசாரிக்கிறதில்லை. புறம்போக்குன்னா யாருக்கும் சொந்தமில்லாத இடம்னு நினைக்கிறார். எங்களுக்குப் புறம்போக்குன்னா ஊருக்கே சொந்தமான இடம்.

உங்க ஏரிகளைக் கேளுங்க

இந்த "எங்கயாச்சும்" எங்கே கொண்டுபோய் விடும்னு அஸ்தினாபுரத்துக்காரங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கூப்பிடு தூரத்தில் செம்பாக்கம் ஏரி. இந்தப் பக்கம் சிட்லபாக்கம் ஏரி. ரெண்டும் ஒரு காலத்துல நெல்லு விளைய வச்ச ஏரிகள். ஆயக்கட்டு மனையாச்சு. மனையில வீடாச்சு. வீட்டுக் கழிவு ஏரிக்குப் போச்சு. சிட்லபாக்கத்துல ஏரியை ஒட்டிக் குப்பையை மலை மாதிரிக் கொட்டி வச்சாங்க. செம்பாக்கம் ஏரி சாக்கடை கலந்து ஆகாயத்தாமரை மண்டிப் போய், தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து பல வருசம் பாடுபட்டுச் சீரமைக்க வேண்டி வந்தது. அந்த ஏரியோட உபரித் தண்ணிதான் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகுது. அங்கே போற பறவை எந்தத் தண்ணியில் இறங்குதுன்னு யோசிச்சுப் பாருங்க.

2021-ல் பல்லாவரம், செம்பாக்கம், தாம்பரம் எல்லாத்தையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆக்கினாங்க. பாதாளச் சாக்கடை வராத தெருக்கள் இன்னும் அதுல இருக்கு. அந்த வீடுகளுக்குக் கழிவுநீர் லாரிதான் கதி. இன்னிக்கு அந்த லாரிக்கு உரிமம் வேணும், கண்ட இடத்துல கொட்டினா அபராதம். முன்னெல்லாம் லாரிக்காரரை எங்கே கொட்டுவேன்னு எந்த வீட்டுக்காரரும் கேட்டதில்லை. அவரும் "எங்கயாச்சும்" கொட்டினார். அந்த எங்கயாச்சும்தான் உங்க ஏரி, உங்க கால்வாய், உங்க போர்த் தண்ணி.

இப்ப அந்த ஊர்ல மூச்சு முட்டுதுன்னு, பச்சையாக் கொஞ்சம் பார்க்கணும்னு வேன் எடுத்துக்கிட்டு வர்றீங்க. வாங்க. ஆனா அதே பழக்கத்தையும் சின்னப் பெட்டியில அடைச்சு எடுத்துக்கிட்டு வராதீங்க.

சட்டமும் எடையும்

தொட்டியைத் தள்ளிப் போடுற மாதிரியே இன்னும் ரெண்டு மூணு விசயத்தைத் தள்ளிப் போடுறாங்க. அதுக்கும் விலை கொடுக்கப் போறது பல சமயம் அடுத்தவன்தான்.

முதல்ல சட்டம். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேனை அரசாங்கம் தடை பண்ணவே இல்லை. 2004-ல் மத்திய அரசு போட்ட அறிவிக்கையில், போக்குவரத்து அல்லாத வாகனங்கள் பட்டியலில் கேம்பர் வேனும் இருக்கு, விவசாய டிராக்டரும் பவர் டில்லரும் இருக்கு. அந்த வகையில நானும் நீங்களும் ஒரே சாதி. வாடகைக்கு விட்டா அது வேற கணக்கு, போக்குவரத்து வாகனம். கேரவன் எப்படி இருக்கணும்னு ஏ.ஐ.எஸ். 124 என்று தனியா ஒரு தர விதியே வச்சிருக்காங்க. மோட்டார் கேரவன்னு சொல்லணும்னா இருக்கையும் மேசையும், படுக்கை, சமையல் வசதி, சாமான் வைக்கிற இடம், இந்த நாலும் உறுதியாப் பொருத்தியிருக்கணும் என்பது பொதுவான இலக்கணம். அந்த நாலுல கக்கூஸ் இல்லைங்கிறதைக் கவனிச்சுக்கோங்க. இலக்கணம் எழுதினவங்களும் அதை அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டாங்க போல.

பழைய வேனை வாங்கி வீட்டு வாசல்ல வச்சு அறுத்து ஒட்டுறதுதான் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒண்ணுல, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்புக்கு மாறா மாத்தினா ஏத்துக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியாச்சு. அதே வருசம் வந்த திருத்தத்தில், 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லேன்னா ரெண்டும். டிராக்டர் டிரெய்லர்ல ஆளை ஏத்தினா எங்களைப் போலீஸ் மறிக்குது. மறிக்கட்டும், அது சரிதான். உங்களுக்கும் அதே ரோடுதான். முறையா அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் பதிஞ்சு, இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிட்டுச் செய்யுங்க. கரூர்ல பஸ்ஸுக்கும் நாமக்கல்ல லாரிக்கும் பாடி கட்டுற ஊரு நம்ம ஊரு. கட்டத் தெரிஞ்ச ஆளுக்கா பஞ்சம்?

அடுத்தது எடை. தண்ணி லிட்டருக்கு ஒரு கிலோ. 200 லிட்டர் டேங்க்னா நாலு மூட்டை யூரியாவுக்கு மேல. அது மூட்டை மாதிரி அசையாம உக்காராது, திருப்பத்துல அலையடிக்கும். பிளைவுட், பேட்டரி, பிரிட்ஜ், ஆளுங்க எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு, எடை மேடையில ஒரு தடவை ஏத்திப் பாருங்க. நெல்லு வண்டியை ஏத்துறோமில்ல, அதே மேடைதான். சோலார் வச்சா ஏசி ஓடும்னு நம்புறவங்களுக்கு: 12 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர் பேட்டரியில மொத்தமே 1,200 வாட் ஹவர்தான். சாதா பேட்டரியில பாதிதான் எடுக்கலாம். ஒரு டன் ஏசி ஏறக்குறைய ஒரு கிலோவாட் இழுத்தா, அரை மணி நேரம் கொஞ்சம் கூட. அதுக்கு வேப்பமரத்து நிழல் தேவலை.

கடைசியா கேஸ். 2023 ஆகஸ்ட் 26, மதுரை ரயில் நிலையம். லக்னோவிலிருந்து யாத்திரை வந்த தனிப் பெட்டி நின்னுக்கிட்டிருந்தது. விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் அடுப்பில் விடியக்காலம் டீ போடப் போய்த் தீப்பிடிச்சு 9 பேர் போயிட்டாங்க. அதுவும் சக்கரத்து மேல இருந்த வீடுதான். வேன்ல சமைக்கிறதுன்னா கதவைத் திறந்து வச்சு, வெளியில இறங்கிச் சமைங்க. பிளைவுட்டும் மெத்தையும் திரைச்சீலையும் நிறைஞ்ச இடத்துல, ஒரே ஒரு தள்ளு கதவோட, 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை வச்சுக்கிட்டுத் தூங்குறதை எந்தத் தைரியத்துல சேர்க்கிறதுன்னு எனக்குத் தெரியலை.

எதிர்க் கேள்விகள்

இதை மகள் வீட்டு மொட்டை மாடியில நாலு பேரிடம் பேசினப்ப திருப்பிக் கேட்டாங்க. நியாயமான கேள்விகள்தான்.

"உங்க ஊர்க்காரங்க மட்டும் வெளிய போறதில்லையா?" போறாங்க. இன்னும் கொஞ்சப் பேர் போறாங்க. 2014-ல் தூய்மை இந்தியா ஆரம்பிச்சதிலிருந்து கிராமத்துல வீட்டுக்கு வீடு கக்கூஸ் கட்டுன்னு தலையில அடிச்சுச் சொன்னாங்க. கட்டினோம். பல வீட்டுல ரெண்டு குழி முறை. ஒண்ணு நிரம்பினா மூடிட்டு அடுத்ததுக்கு மாத்துவோம். மூடினது ஒண்ணு ரெண்டு வருசத்துல மக்கி எருவாகும். வெளிய போற கிழவனை விசில் ஊதி விரட்டின காலமெல்லாம் உண்டு. எழுபது வயசு ஆளை அவமானப்படுத்தின நாடு, 20 லிட்டர் பெட்டியை வாய்க்கால்ல கவுக்கிறவரை "பயணப் பிரியர்"னு கொண்டாடினா எப்படிங்க?

"20 லிட்டர்தானே, பெரிய ஆறுக்கு இது என்ன?" ரெண்டு பேர் பயன்படுத்தினா, கழுவுற தண்ணியும் சேர்த்து, மூணு நாள்ல நிரம்பும். நாலு பேர் குடும்பம்னா ரெண்டு நாள் தாங்கினா பெரிசு. ஒரு வண்டிக்கு வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை. எங்க வாய்க்கால் ஆறு இல்லை, முழங்கால் ஆழம். அந்த நீல மருந்து கிருமியைக் கொல்றதுக்குன்னே செஞ்சது. அதை எங்க குழியில ஊத்தினா மலத்தை மக்க வைக்கிற நல்ல கிருமியும் சேர்ந்து சாகும். அதனால எங்க வீட்டுக் கக்கூஸ்ல ஊத்திக்கிறேன்னு கேட்டாலும் நான் யோசிப்பேன்.

மூணாவதா ஒரு பெண் கேட்டார். "அய்யா, பஸ்ல எட்டு மணி நேரம் போறப்ப பொம்பளைங்க படுற பாடு தெரியுமா? தண்ணியே குடிக்காமப் போறோம். ஹைவே கக்கூஸைப் பார்த்திருக்கீங்களா? எங்க மாமியாருக்குச் சர்க்கரை. அவங்களை ராமேஸ்வரம் கூட்டிப்போக இந்த வண்டி ஒண்ணுதான் வழி."

இந்தக் கேள்விக்கு நான் எதிர்த்துப் பேச மாட்டேன். அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. வண்டியில கக்கூஸ் இருக்கிறது ஆடம்பரம் இல்லை. அதனாலதான் சொல்றேன், அது வண்டியின் முதல் சாமானா இருக்கணும். காலி பண்ற இடம் எது, எத்தனை நாளைக்கு ஒருதடவை, எவ்வளவு தூரம் என்று முடிவு பண்ணிட்டு அப்புறம் மெத்தை அளவெடுங்க.

மத்த ஊர்ல எப்படி?

நியூசிலாந்துல ஆடும் அதிகம், இப்படி வண்டியில சுத்துறவங்களும் அதிகம். அங்கேயும் ஏரிக்கரை, கடற்கரை எல்லாம் அசிங்கமாகி ஊர்க்காரங்க கொதிச்சாங்க. 2011-ல் அதுக்குன்னே ஒரு சட்டம் போட்டாங்க. அது பத்தலைன்னு 2023-ல் இறுக்கினாங்க. இப்ப, தன் கழிவைத் தானே வச்சுக்கிற வண்டின்னு சான்றிதழ் வாங்கணும்னா நிலையாப் பொருத்தின கக்கூஸ் இருக்கணும், தூக்கிப் போடுற பெட்டி செல்லாது. வண்டி தொட்டியைக் காலி பண்றதுக்குன்னே ஊர் ஊருக்குப் பொது இடம் வச்சிருக்காங்க.

அவ்வளவு தூரம் வேண்டாம், கேரளாவைப் பாருங்க. 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தப்ப, வண்டிக்கு மானியம் அறிவிச்சதோட நிக்காம, வண்டி நிக்கிற பூங்காவுக்கும் விதி வச்சாங்க. குறைஞ்சது 50 சென்ட் நிலம், அஞ்சு வண்டி நிக்க வசதி. வாகமண்ல 2022-ல் முதல் பூங்கா திறந்தாங்க. அந்தக் கொள்கை எவ்வளவு ஜெயிச்சதுங்கிறது வேற பேச்சு. வண்டின்னா அது நிக்க ஒரு இடம் வேணும்னு யோசிச்சாங்களே, அதைச் சொல்றேன்.

நம்மகிட்ட இடமே இல்லாம இல்லை. அஸ்தினாபுரத்திலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடிச்சுத் தெற்கே வந்தா மதுராந்தகம் பக்கத்துல கருங்குழி. செப்டிக் டேங்க் கழிவை லாரியில கொண்டுவந்து கொட்டிச் சுத்திகரிக்கிற நிலையத்தை 2017-லேயே அங்கே அமைச்சாங்க. தமிழ்நாட்டுல அந்த மாதிரி வந்த முதல் நிலையங்கள்ல அது ஒண்ணு. இந்தப் பக்கம் பெருங்குடியில பெரிய சுத்திகரிப்பு நிலையம் இருக்கு. லாரி கொட்டுற இடத்துல வேன்காரர் கொட்ட ஒரு சின்ன வாய், ஒரு தண்ணிக் குழாய், 50 ரூபாய்க்கு ஒரு ரசீது. இதுக்கு எத்தனை கோடி ஆகும்? தாம்பரம் மாநகராட்சி நினைச்சா முடியும். டோல்கேட்ல அவ்வளவு வாங்குறாங்களே, அங்கேயே வைக்கலாம். கேரவன் சுற்றுலான்னு நோட்டீஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி இதைச் செய்யச் சொல்லி நீங்கதான் கேக்கணும். நாங்க கேட்டா பட்டிக்காட்டான் முறையிடுறான்னு போயிடும். உங்களுக்குத்தான் ட்விட்டர் இருக்கு, கவுன்சிலர் நம்பர் இருக்கு, இங்கிலீஷ் இருக்கு.

கடைசியா என் கணக்கு

வண்டி கட்டுற தம்பிமாருக்கு: தொட்டியை நிலையா வைங்க, பெரிசா வைங்க. பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணிக்கும் தனியா ஒண்ணு வைங்க. கிளம்புற ஊர்ல காலியா எடுத்து, திரும்புற ஊர்ல காலி பண்ணுங்க. அதுக்கு இடம் இல்லாம வண்டி நீளம் கூடுதுன்னா, ஒரு கட்டிலைக் குறைங்க.

வண்டி வாங்குறவங்களுக்கு: கடைக்காரர் மெத்தையை அமுக்கிக் காட்டுவார், டிவியைப் போட்டுக் காட்டுவார். தொட்டி எங்கே, எத்தனை லிட்டர், திறப்பான் எங்கே இருக்கு, எங்கே காலி பண்றதுன்னு கேளுங்க. அவர் திருதிருன்னு முழிச்சா வேற கடை பாருங்க.

ஊராட்சித் தலைவர்களுக்கு: வர்ற வண்டியை விரட்ட வேண்டாம். ஊர்ப் பொது இடத்துல ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு ரசீது போடுங்க. வண்டி நம்பரை எழுதி வைங்க. நம்பர் எழுதினாலே பாதி அசிங்கம் குறையும்.

எங்க ஊருக்கு வர்றவங்களுக்கு: தை கடைசியில அறுப்பு முடிஞ்சு களம் காலியா இருக்கும். வாங்க. ராத்திரிக்கு 300 ரூபா. போர்த் தண்ணி உண்டு, நிழல் உண்டு, காலையில பழைய சோறும் மோர் மிளகாயும் உண்டு. கொஞ்ச நாள் தள்ளி வந்தா கிடை போட்டிருப்பாங்க, பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஆட்டு வாசனை பிடிக்காதவங்க மேக்காலக் கொல்லையில நிறுத்திக்கலாம். உங்க நீலப் பெட்டியைத் திறக்கவே கூடாது. எங்க வீட்டுக் கக்கூஸைப் பயன்படுத்திக்கோங்க. வெஸ்டர்ன் கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்.